முப்பதாயிரத்துக்குள் ஒரு நெஞ்சுக்குரல்

ஏப்ரல் 6, ஞாயிறு

தாரணி காலை பத்து மணிக்கு வந்தாள், மாலை ஆறுக்குப் போனாள். விளைமீன் குழம்பு வைத்திருந்தேன். இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்து, சில்வர் டம்ளருக்குள் ஃபோனை நிறுத்தி வைத்துப் பாட்டுப் போட்டாள். அப்படி வைத்தால் சத்தம் கொஞ்சம் கூடுமாம்.

"கொசு பாடுத மாதிரி இருக்கும்மா. அப்பா வீட்டு ஸ்பீக்கர்ல கேட்டா பாட்டுக்குள்ளயே உக்காந்துருக்க மாதிரி இருக்கும்" என்றாள்.

அவள் என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. எனக்கு வருத்தமும் இல்லை. அவள் போன பிறகு அந்த டம்ளரை இரண்டு தடவை விளக்கினேன், அவ்வளவுதான்.

இந்த நோட்டு புதியது என்பதால் ஒரு விஷயத்தை எழுதி வைக்கிறேன். போன ஜூனில் நான் பெருமாள்புரத்தில் இந்த மாடி வீட்டுக்கு வந்தேன். தாரணியின் பள்ளிக்கூடம் அவள் அப்பா வீட்டிலிருந்து இரண்டு தெரு. அதனால் பிளஸ் டூ முடியும்வரை அவள் அங்கே, ஞாயிற்றுக்கிழமை மட்டும் இங்கே என்று ஏற்பாடு. பரீட்சை முடிந்துவிட்டது. இனி எந்த வீட்டில் இருந்துகொண்டு காலேஜுக்குப் போவது என்பதை ஜூன் முதல் தேதி அவளே சொல்வாள். அதுவரை நாங்கள் இருவரும் அவளைக் கேட்கவோ வற்புறுத்தவோ கூடாது. அவள் முன்னால் உட்கார்ந்து ஒத்துக்கொண்டது இது. நான் வாக்குத் தவறுகிறவள் இல்லை.

ஸ்பீக்கர் வாங்கக் கூடாது என்று யாரும் பேசவில்லை. எனக்காகத்தான் வாங்கப் போகிறேன். நாற்பத்துநாலு வயதில் எனக்கென்று பாட்டுக் கேட்க ஒரு பெட்டி இருந்தால் என்ன குறைந்துவிடும்?

ஏப்ரல் 9, புதன்

ஆஸ்பத்திரி லேபில் வேலை முடிந்து மூன்றரைக்குக் கிளம்பி ஜங்ஷன் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும், "சார் வரலையாக்கா?" என்றான் கவுண்டரில் இருந்தவன்.

"சாருக்குக் காது கேக்காது" என்றேன்.

அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. உடனே ஒரு பெரிய பெட்டியைப் போட்டுக் காட்டினான். குண்டு வெடிக்கிறது, கண்ணாடி உடைகிறது, ஹெலிகாப்டர் பறக்கிறது. தரை அதிர்ந்தது. எங்கள் லேபில் ரத்தம் சுற்றுகிற மெஷினில் ட்யூபைச் சரியாக வைக்காவிட்டால் இப்படித்தான் அதிரும், உடனே அமர்த்திவிட்டுத்தான் மறு வேலை. ஒரு பாட்டுப் போடச் சொன்னால் அதற்கும் அதே இடி. வந்துவிட்டேன்.

கேஸ் சிலிண்டர் பதிவு செய்தாயிற்று.

ஏப்ரல் 12, சனி

வண்ணாரப்பேட்டையில் ஒரு கடை. கடைக்காரர் பெயர் ஆறுமுகநயினார், முப்பத்தைந்து வயது இருக்கும். 'சார் வரலையா' என்று கேட்கவில்லை, அதற்காகவே பத்து மதிப்பெண். "எவ்வளவுக்குள்ள பாக்குதீங்க, எவ்வளவு பெரிய ரூம், என்ன பாட்டுக் கேப்பீங்க?" இந்த மூன்றைத்தான் கேட்டார். முப்பதாயிரத்துக்குள், பத்துக்குப் பன்னிரண்டு அடி, குரல் முன்னால் இருக்கிற பாட்டு என்றேன்.

பென் டிரைவில் ஒரே ஒரு பாட்டுதான் கொண்டு போயிருந்தேன். ஒரு பெண் குரல், வயலின், தபேலா. வேறு காரணம் இல்லை, பழகிய பாட்டை வைத்துச் சோதித்தால் வித்தியாசம் தெரியும். கைக்குழந்தையாக இருந்தபோது தாரணி இந்தப் பாட்டைப் போட்டால்தான் கண்ணை மூடுவாள். அது வேறு விஷயம்.

மூன்று ஜோடி கேட்டேன். முதல் ஜோடி பளிச்சென்று இருந்தது. ஆனால் பாடுகிறவளின் ஒவ்வொரு 'ச'வும் காதில் ஊசி குத்தியது. அந்தக் குரல் பல்லிலிருந்து வருகிறது. எனக்கு நெஞ்சிலிருந்து வரவேண்டும் என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"புரியுதுக்கா. மேல இருக்க சின்ன ஸ்பீக்கர் தகரத்துல இருந்தா இப்படித்தான் கிண்ணுனு இருக்கும். கடையில கேக்கும்போது பிரமாதமா இருக்கும், வீட்ல ஒரு மணி நேரம் கேட்டா தலை வலிக்கும். துணியில செஞ்சது இருக்கு, அதைக் கேளுங்க."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். கையில் நரம்பு தேடும்போது நான் கண்ணால் தேடுவதில்லை, விரலால்தான் தேடுவேன். துணி வைத்த ஜோடியில் குரலுக்கு அடியில் ஏதோ இருந்தது. தபேலாவில் தோலும் தெரிந்தது, உள்ளங்கையும் தெரிந்தது. வாங்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

தாரணி வந்தாள். மாம்பழம். அப்பா அவள் அறைக்கு ஏசி போட்டுவிட்டாராம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

இன்று எண்பத்தாறு பேருக்கு ரத்தம் எடுத்தேன். ஒரு பெரியவர், "ஊசி போட்டதே தெரியலம்மா" என்றார். நன்றி சொல்லக்கூடத் தோன்றவில்லை. ஏப்ரல் மாதத்திலேயே ஏசி எதற்கு? நெல்லையில் பிறந்த பிள்ளை, ஃபேனில் வளர்ந்த பிள்ளை. சளி பிடிக்கிற உடம்பு வேறு. சொன்னால் பொறாமை என்பார்கள். சொல்லவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் ஃபோனில் ஸ்பீக்கர்களைப் பற்றிப் படித்தேன். ஒருவன் 'இதுபோல் உண்டா' என்று எழுதிய பெட்டியை இன்னொருவன் 'குப்பை' என்று எழுதியிருக்கிறான். இருவரும் ஒரே தெருவில் இருந்தால் அடிதடி நடந்திருக்கும்.

ஏப்ரல் 19, சனி

மறுபடி நயினார் கடை. அதே பாட்டு, அதே ஜோடி. பிறகு பக்கத்துத் தெருவில் வேறு கடை, பிறகு திரும்பவும் நயினார் கடை. மூன்றாவது தடவை அவர் டீ வாங்கிக் கொடுத்தார்.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா? இது யாருக்கு?"

"எனக்குத்தான்."

"இல்ல, தனக்கு வாங்குதவங்க இவ்வளவு யோசிக்க மாட்டாங்க. அதான் கேட்டேன்."

கடைக்காரர் என்றால் கடைக்காரராக இருக்க வேண்டும். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 26, சனி

வாங்கிவிட்டேன். துணி வைத்த ஜோடிதான். மரப்பெட்டி, விரலால் தட்டினால் முற்றிய தேங்காயைத் தட்டியதுபோல் சத்தம் வருகிறது. சின்ன ஆம்ப்ளிஃபயர் ஒன்று, இரண்டு துண்டாக ஒயர். மொத்தம் இருபத்தொன்பதாயிரத்து முந்நூறு. ஆட்டோவில் மடியில் ஒன்று, காலடியில் ஒன்று. ஆட்டோக்காரர் மிக்ஸியா என்று கேட்டார், ஆமாம் என்றேன்.

நயினார் சொன்னது: சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது, ஒரு முழம் தள்ளி வைக்க வேண்டும். இரண்டு பெட்டிக்கும் நடுவில் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில் எதிரே உட்கார வேண்டும். ஒயரில் இரண்டு இழை இருக்கும், ஒரு இழையில் மெல்லிய கோடு. கோடு போட்ட இழை இரண்டு பெட்டியிலும் சிவப்புத் திருகுக்கு, மற்றது கறுப்புக்கு.

இதை எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? சிவப்பு மூடி, ஊதா மூடி, பச்சை மூடி என்று பத்தொன்பது வருடமாக ட்யூபுகளோடு குடித்தனம் நடத்துகிறேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட ஒருவர் ரத்தத்தில் இன்னொருவர் பெயரை ஒட்டியதில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

காலை ஐந்தரைக்கே எழுந்து வீடு பெருக்கி, சோபாவை நகர்த்தி, பெட்டிகளை அளந்து வைத்தேன். தாரணி வருவதற்குள் பாட்டு ஓட வேண்டும் என்று ஆசை. ஆம்ப்ளிஃபயர் பக்கத்து முனைகளை மாட்டி, ஒயரைக் கோரைப்பாய்க்கு அடியில் விட்டேன். இடது பெட்டியையும் மாட்டி முடித்தேன். எட்டரைக்கு ஃபோன். தாரணியின் அப்பா.

தாரணி இன்றைக்கு வரவில்லையாம். அத்தை மகளுக்கு நிச்சயதார்த்தம், தென்காசிக்குப் போகிறார்களாம். சரி என்றேன். வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

"செண்பா, நீ ஸ்பீக்கர் பாக்குதேன்னு கேள்விப்பட்டேன். எதுக்கு வீண் செலவு? இங்க இருக்க பழைய பெட்டி ரெண்டையும் நீயே எடுத்துக்கோயேன். சும்மாதான் கெடக்கு."

சும்மா கிடக்கிறதாம். கல்யாணமான மறு வருடம் வாங்கிய பெட்டிகள். பதினாறு வருடம் அதில் தூசி தட்டியவள் நான். அதன்மேல் ஒரு செம்பு வைத்தாலும் கத்தியவர் அவர். இப்போது ஏசி வாங்கியாயிற்று, இனி பாட்டு எதற்கு என்று தானம் கொடுக்கிறார். "உங்க பழசைக் கட்டிக்கிட்டு அழ நான் ஆளில்ல" என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். எழுத மாட்டேன்.

திரும்பி வந்து வலது பெட்டியையும் மாட்டினேன். எந்த இழை எது என்று தெரிய லேபிலிருந்து கொண்டுவந்த சின்ன ஸ்டிக்கர்களை முனைகளில் ஒட்டி முடித்தேன். பாட்டைப் போட்டேன்.

நன்றாக இல்லை.

கடையில் கேட்ட குரலே இல்லை இது. நெஞ்சு இல்லை, அடி இல்லை. எங்கிருந்து பாடுகிறாள் என்றே தெரியவில்லை, என் பிடரிக்குப் பின்னால் நின்று பாடுகிறதுபோல் இருக்கிறது. தபேலா தகர டப்பா ஆகிவிட்டது. ஒரு மணி நேரம் பெட்டிகளை நகர்த்தி நகர்த்தி வைத்தேன். கீழ்வீட்டு டேவிட் சார் மேலே வந்து, "வீடு மாத்துதீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

தாரணி வராததும் நல்லதாயிற்று.

ஏப்ரல் 30, புதன்

திரைச்சீலை போட்டுப் பார்த்தேன். தலையணை வைத்துப் பார்த்தேன். தரையில் உட்கார்ந்து, நின்று, சமையலறையிலிருந்து. சமையலறையிலிருந்து கேட்டால் பரவாயில்லை. முப்பதாயிரம் போட்டு வாங்கியதைக் கேட்க ரசம் தாளிக்கிற இடத்தில் நிற்க வேண்டுமாம்.

மே 3, சனி

நயினாரிடம் சண்டை போட்டேன். "கடையில ஒண்ணு காட்டிட்டு வீட்டுக்கு வேற ஒண்ணு தாரீங்களா?" நான் கொண்டுபோன பெட்டிகளை அவர் கடையில் மாட்டிக் காட்டினார். அங்கே அதே குரல், நெஞ்சிலிருந்து. என் முகம் போன போக்கைப் பார்த்து, "வேற ஜோடி வேணா எடுத்துட்டுப் போங்கக்கா, பத்து நாளைக்குள்ள மாத்திக்கலாம்" என்றார். கொஞ்சம் பெரிய ஜோடி, இரண்டாயிரம் கூட.

வீட்டில் ஒயர் தயாராக இருந்ததால் ஸ்டிக்கரைப் பார்த்து ஐந்து நிமிடத்தில் மாட்டிவிட்டேன். அதே பிடரிக் குரல்.

அப்படியானால் வீடுதான் சரியில்லை. இந்த வீடே சரியில்லை. சுவர் சரியில்லை, மாடிப்படி சரியில்லை, தண்ணீர் உப்பு. ஒரு பிள்ளை வந்து இருக்கத் தகுந்த வீடா இது?

மே 4, ஞாயிறு

கத்திரி வெயில் தொடக்கம். தாரணி வருவதற்கு முன் பெட்டிகள்மேல் போர்வையைப் போட்டு மூடினேன். என்னம்மா அது என்றாள். ரிப்பேர், அடுத்த வாரம் கேட்கலாம் என்றேன். ரொம்ப நேரம் போர்வையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்பா ஸ்கூட்டி பாக்குதாங்க" என்றாள். எந்தக் கலர் என்று கேட்டேன். "எனக்குத் தெரியல, என்னைக் கேக்கல" என்றாள்.

எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு. குறைவாகத்தான் சாப்பிட்டாள். வெயில்.

மே 7, புதன்

இனி ஒன்றுதான் பாக்கி. என் காது. எங்கள் ஆஸ்பத்திரியில் காது பரிசோதனை செய்கிற ஜெபராணி அக்காவிடம் போனேன். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொன்னாள். இருபது நிமிடம் தூக்கினேன்.

"ஏட்டி, ஒனக்கு ஒண்ணும் இல்ல. சின்னப்பிள்ளைக் காது மாதிரி இருக்கு. என்னத்துக்கு வந்த?"

"ஸ்பீக்கர் நல்லாக் கேக்கல."

"ஸ்பீக்கரா? கொமருப் பிள்ளைய வச்சிக்கிட்டு ஒனக்கு வேற கவலையே இல்லையா?"

எனக்கு வேறு கவலையே இல்லை என்று சொன்னேன். சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு வராந்தாவுக்கு வந்து கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்து நின்றேன்.

மே 8, வியாழன்

ரிசல்ட். தாரணி அறுநூற்றுக்கு ஐந்நூற்று நாற்பத்தொன்று. லேப் முழுவதும் மிட்டாய் கொடுத்தேன். அவளிடமிருந்து மெசேஜ் வந்தது ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு. அவள் அப்பாவுக்கு எத்தனை மணிக்குச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

அவளே மாலையில் ஃபோன் செய்து சொன்னாள். "ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல அனுப்புனேம்மா. ஒண்ணா செலக்ட் பண்ணி அனுப்புனேன்."

மே 11, ஞாயிறு

தாரணிக்குத் தலைவலி, வரவில்லை. ஏசி.

மே 18, ஞாயிறு

இன்று நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

தாரணி வந்ததும் போர்வையைத் தானே எடுத்தாள். "ரிப்பேரா, நல்லாருக்கா, எதுன்னாலும் போடும்மா" என்றாள். போட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான், அறை சரியில்லை, சுவர் சரியில்லை என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவள் கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். பெட்டிகளுக்கு எதிரே உட்கார்ந்தாள். எழுந்து இடது பெட்டியிடம் போய்க் காதை வைத்தாள், வலது பெட்டியிடமும் போனாள்.

"தனித்தனியா ரெண்டும் நல்லாத்தாம்மா பாடுது. சேந்தாத்தான் சரியில்ல."

கோரைப்பாயைத் தூக்கினாள். ஒயரை விரலால் பிடித்துக்கொண்டே போனாள். நடுவில் ஓர் இடத்தில் ஒயர் முறுக்கிக் கொண்டிருந்தது. வலது பெட்டியின் பின்னால் குனிந்து பார்த்தவள் என் ஸ்டிக்கரைப் பிய்த்தாள்.

"கோடு போட்டது இதுல கறுப்புக்குப் போயிருக்கு. அதுல சிவப்புக்குப் போயிருக்கு. ஒண்ணு முன்னால தள்ளும்போது இன்னொண்ணு பின்னால இழுக்குது. ரெண்டும் ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கிட்டு, நடுவுல உக்காந்திருக்கவளுக்கு ஒண்ணும் மிஞ்சாது."

"ஒனக்கு எப்படிட்டி தெரியும்?"

"அப்பாவும் இதே தப்ப ஒரு தடவ பண்ணுனாங்க. நீ வீட்ட விட்டு வந்த வாரம். பெட்டியெல்லாம் தள்ளித் தொடச்சுட்டு மாத்தி மாட்டிட்டாங்க."

லேபில் சேரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே நான் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான்: ஆள் எதிரில் இருக்கும்போதே ட்யூபில் பெயரை ஒட்டு, மேசைக்குப் போய் ஞாபகத்தில் ஒட்டாதே. அன்றைக்கு ஃபோனில் கத்திவிட்டு வந்து, கோட்டைப் பார்க்காமல், மேலே இருந்த இழை மேலேயே வந்திருக்கும் என்று ஞாபகத்தில் ஒட்டியிருக்கிறேன். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை.

தாரணி நகத்தால் திருகைக் கழற்றி இரண்டு இழைகளையும் மாற்றி மாட்டினாள். பாட்டு வந்தது.

அடேயப்பா! என்ன குரல் அது. நடுவில், சரியாக நடுவில், ஆள் உட்கார்ந்து பாடுகிறதுபோல். வயலின் அறை முழுக்க நிறைந்தது. தாரணி பாயில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் சோபாவில் உட்கார்ந்து பாட்டைக் கேட்காமல் அவளையே பார்த்தேன். கைக்குழந்தையாகத் தூங்கியபோது இருந்த அதே மூக்கு, அதே திறந்த வாய். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. எழுதுவதற்கு வெட்கமில்லை, வந்தது. மூன்று தடவை அதே பாட்டைக் கேட்டோம்.

இங்கேதான் இருப்பாள். கேட்க வேண்டியதே இல்லை.

மே 21, புதன்

நயினாரிடம் ஃபோனில் மன்னிப்புக் கேட்டேன். "வாரத்துக்கு ஒருத்தர் இப்படி வருவாங்கக்கா, நீங்க ஒருத்தர்தான் போன் பண்ணிச் சொல்லுதீங்க" என்றார்.

தாரணிக்குப் படிக்க ஒரு மேசை சொல்லிவிட்டேன். சின்ன அறையில் இருந்த அட்டைப்பெட்டிகளை எடைக்குப் போட்டேன். அவளுக்குப் பிடித்த மஞ்சளில் திரைச்சீலை.

மே 25, ஞாயிறு

மேசையைக் காட்டினேன். நல்லாருக்கும்மா என்றாள். மஞ்சள் இப்போது பிடிக்காதாம். இன்று பாட்டுக் கேட்கவில்லை, ஃபோனில் ஏதோ படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள். என்ன என்று எட்டிப் பார்த்ததும் திருப்பி வைத்துவிட்டாள்.

ஸ்கூட்டி வந்துவிட்டதாம். சாம்பல் கலர்.

மே 29, வியாழன்

இன்னும் மூன்று நாள். ஒரு பெண்மணிக்கு ஒரே கையில் இரண்டு தடவை குத்தினேன், நரம்பு கிடைக்கவில்லை. இப்படி எனக்கு நடந்ததே இல்லை. அவரோ என்னைத் தேற்றினார்.

ஜூன் 1, ஞாயிறு

அவரும் வந்திருந்தார். தாரணிதான் கூப்பிட்டிருக்கிறாள். இந்த மாடிப்படியை அவர் ஏறியது இதுதான் முதல் தடவை. பெட்டிகளைப் பார்த்துவிட்டு, "நல்ல பெட்டி" என்றார். காபி கொடுத்தேன். சர்க்கரை அரை ஸ்பூன், கேட்காமலே.

தாரணி பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து டீப்பாயில் வைத்தாள். கோயம்புத்தூரில் ஒரு காலேஜ், பி.எஸ்சி. இயற்பியல், ஹாஸ்டல். சீட் கிடைத்துவிட்டது.

"இங்கயே நல்ல காலேஜ் இருக்கேம்மா" என்றார் அவர்.

"ஒனக்கு மேசை வாங்கியாச்சேட்டி" என்றேன் நான். வாயில் வந்தது அதுதான். எவ்வளவு முட்டாள்தனம்.

"மேசை நீ வாங்குன. அப்பா ஏசி போட்டாங்க. நீ ஸ்பீக்கர் வாங்குன, அப்பா ஸ்கூட்டி வாங்கிட்டாங்க. ஒவ்வொரு வாரமும் எந்த வீட்டுக்குப் போனாலும் புதுசா என்ன இருக்கும்னு பயந்துக்கிட்டேதான் படி ஏறுதேன். ஒண்ணு புடிச்சிருக்குன்னு சொன்னா இன்னொரு வீட்டுக்குத் துரோகம் பண்ணுத மாதிரி இருக்கு. போன மாசம் தலைவலின்னு சொன்னேன்லா, தலைவலி இல்ல. எங்கயும் போகப் புடிக்கல. பஸ் ஸ்டாண்டுல போய் உக்காந்திருந்தேன்."

பேசும்போது அவள் அழவில்லை. அழுதிருந்தால் கட்டிக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு வார்த்தையையும் பல நாள் சொல்லிப் பார்த்திருக்கிறாள் என்று தெரிந்தது.

"யாராவது ஒருத்தர் கையெழுத்துப் போட்டாப் போதும்னு இருக்கு. ஆனா ஒருத்தர் போட்டா மத்தவங்க அது அவங்க ஏற்பாடுன்னு நெனப்பீங்க. அதான் ரெண்டு காப்பி எடுத்துட்டு வந்தேன். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல போடுங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அவரிடம் பேனா இல்லை. என்னிடம் எப்போதும் இரண்டு இருக்கும். ஒன்றைக் கொடுத்தேன். போட்டோம்.

ஜூன் 2, திங்கள்

எழுதப் பிடிக்கவில்லை. மேசையைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்களாம்.

ஜூன் 5, வியாழன்

ஸ்பீக்கர் எனக்காக வாங்கியது என்று இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன். பொய். அவளுக்காக வாங்கியது என்று மாற்றி எழுதலாம் என்று பார்த்தேன். அதுவும் முழு உண்மை இல்லை. அவரைத் தோற்கடிக்க வாங்கினேன். குரல் எப்படி இருக்க வேண்டும் என்று மூன்று கடைகளில் போய்க் கண்ணை மூடி மூடிக் கேட்டேன், அவள் குரல் எப்படி இருக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட உட்கார்ந்து கேட்கவில்லை. 'என்னைக் கேக்கல' என்று அவள் சொன்னபோதும் அவரைத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 11, புதன்

வாளி, மக்கு, கொடிக்கயிறு, பூட்டு இரண்டு, தலையணை உறை. மிளகாய்ப்பொடி, மாவடு. அவர் மெத்தை வாங்கிவிட்டாரா என்று தாரணியிடம் கேட்டேன். "நீயே கேளேம்மா" என்றாள். கேட்டேன். வாங்கிவிட்டாராம்.

ஜூன் 15, ஞாயிறு

கோயம்புத்தூரிலிருந்து திரும்பும் பஸ்ஸில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது. மூன்று பேருமாகப் போய், தாரணியை விட்டுவிட்டு வருகிறோம். அவர் எனக்கு முன்னால் நாலு வரிசை தள்ளி உட்கார்ந்திருக்கிறார்.

அறை மூன்றாவது மாடி, மூன்று பேர் தங்குவது, ஜன்னல் பக்கக் கட்டில் கிடைத்தது. எல்லாம் முடிந்து கீழே வார்டன் அறையில் கடைசியாக ஒரு அட்டை நிரப்பச் சொன்னார்கள்.

"இதுல ஒரே ஒரு நம்பர்தானுங்க எழுதோணும். அந்த நம்பர்லருந்து பேசுனாத்தான் பொண்ண வெளியில விடுவோம். உடம்பு கிடம்பு சரியில்லீன்னா அந்த நம்பருக்குத்தானுங்க கூப்புடுவோம்."

அட்டை என் முன்னால் இருந்தது, பேனா என் கையில். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தாரணி என் கையைப் பார்த்தாள். போன மாதம் வரை இப்படி ஒரு அட்டை கிடைக்காதா என்று ஏங்கியிருப்பேன். பத்து இலக்கம் எழுதினால் போதும், அவள் வெளியே வருவதற்கு நான், காய்ச்சலுக்கு நான், எல்லாவற்றுக்கும் நான்.

காலை ஏழிலிருந்து மூன்றரை வரை என் கையில் கையுறை இருக்கும். ஃபோன் பைக்குள், பை அலமாரிக்குள். பிள்ளைக்கு ஒன்று என்றால் நான் பார்ப்பது மதியத்துக்கு மேல்தான். அவர் எடுப்பார். ராத்திரி, பகல், ஆபீஸ் மீட்டிங், எதிலும் அந்த மனிதர் ஒரு தடவைகூட எங்கள் ஃபோனை எடுக்காமல் இருந்ததில்லை. இவ்வளவு சண்டையிலும் அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, இந்த நோட்டிலும் எழுதியதில்லை.

அவருடைய நம்பரை என் ஃபோனில் தேடவில்லை. பத்து இலக்கமும் நிற்காமல் எழுத வந்தது.

"உங்க நம்பர்தானுங்களே?" என்றார் வார்டன்.

"இல்ல, அவ அப்பாவோடது."

அவர் ஜன்னலிலிருந்து திரும்பினார். "ஒன்னோடதையே போட்டிருக்கலாமே, செண்பா."

"என்னால எடுக்க முடியாது. நீங்க எடுப்பீங்க" என்றேன்.

தாரணி கேட் வரைக்கும் கூட வந்தாள். நடுவில் நடந்தாள். ஒரு கையால் என் விரலையும் இன்னொரு கையால் அவர் சட்டைக் கையையும் பிடித்துக்கொண்டு, நாங்கள் இருக்கிறோம் என்பதையே மறந்துவிட்டவள்போல் ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றியும், அறையில் இருக்கிற ராசிபுரத்துப் பெண்ணைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தாள். கேட் வரைக்கும் நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.